சாதாரண தரம் முடிந்த விடுமுறை: வன்னியில் இருந்தபடியே கணினி பழக ஒரு வழிகாட்டி

சாதாரண தரப் பரீட்சை முடிந்த அன்று பின்னேரம் நான் செய்த முதல் வேலை, புத்தகங்களை எல்லாம் உரப்பையில் கட்டி மூலையில் போட்டது. இரண்டாவது வேலை படுத்தது. அடுத்த ஐந்து கிழமையும் அதே இரண்டாவது வேலைதான். ஆறாம் கிழமை, ஏதாவது உருப்படியாகச் செய்வோம் என்று வெளிக்கிட்டேன். அதற்குப் பிறகு பட்ட அலைச்சலில் பாதியை, யாராவது முன்னமே சொல்லித் தந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு கிராமத்தில். பக்கத்தில் கணினி வகுப்பு கிடையாது. வீட்டில் அப்போது இருந்தது ஒரு போன், அதுவும் அம்மாவுடையது. உங்கள் நிலைமை இதைவிட நல்லதென்றால் சில படிகளைத் தாண்டிப் போங்கள்.

பரீட்சை நடக்கும் மாதம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. ஆகையால் மாதக் கணக்கை விட்டு கிழமைக் கணக்கில் சொல்கிறேன். பத்துக் கிழமை கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெறுபேறு வரும் வரை வீட்டில் இருக்கலாம் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். பெறுபேறு வருவதற்கு முன்பே உயர்தர வகுப்புகள் தொடங்கிய வருடங்களும் உண்டு.

1. கடதாசி வேலையை முதல் கிழமையே முடியுங்கள்

கணினி பழகுவதற்கும் கடதாசிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். நூலகத்தில் சேரப் போனால் கடதாசி. பயிற்சி நிலையத்தில் ஒரு குறுகிய வகுப்பு இருக்கிறது என்று ஓடிப் போனால் கடதாசி. போட்டிக்குப் பெயர் கொடுக்கவும் கடதாசி. தேவைப்படும்போது எடுக்கலாம் என்று விட்டால், அதை எடுத்து முடிப்பதற்குள் விண்ணப்ப முடிவு நாள் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது.

தயாராக வைக்க வேண்டியவை இவை:

- பிறப்புச் சான்றிதழின் பிரதி.
- தேசிய அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் தெரியும் போட்டோக் கொப்பி, மூன்று.
- நீங்கள் அந்தப் பாடசாலையின் மாணவர் என்று அதிபர் தரும் கடிதம்.
- கடவுச்சீட்டு அளவுப் படம், நான்கு.

பிறப்புச் சான்றிதழில் எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 2009ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் பலரின் பிறப்பு, இப்போது இருக்கும் ஊரில் பதியப்படவில்லை. யுத்தத்தால் இடம்பெயர்ந்திருந்த செட்டிகுளத்திலோ வவுனியாவிலோ பதிந்திருக்கும். சான்றிதழின் மேல்பக்கத்தில் மாவட்டமும் பிரிவும் இருக்கும், அதைப் பார்த்து எழுதி வையுங்கள். புதிய பிரதி தேவையென்றால், பஸ் ஏறுவதற்கு முன் உங்கள் பிரதேச செயலகத்திலேயே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் போய் ஒரு நாளையும் பஸ் காசையும் தொலைத்தேன்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஆங்கிலத்திலும் இருக்கும். பரீட்சை அனுமதி அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல் இருக்கக்கூடும். என் பெயரில் ஓரிடத்தில் 'எச்' இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை. இணையப் பாடநெறிகளில் பதியும்போது நீங்கள் கொடுக்கும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். எங்கு பதிந்தாலும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே கொடுங்கள். செல்லப் பெயரையோ போனில் விளையாடும் பெயரையோ கொடுக்காதீர்கள்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, பாடசாலையில் போய் விடுகைப் பத்திரம் கேட்காதீர்கள். அது பாடசாலையை விட்டு விலகுபவர்களுக்கானது. என் நண்பன் ஒருவன் ஏதோ வகுப்புக்குத் தேவை என்று அதை வாங்கிவிட்டு, உயர்தரத்துக்கு அதே பாடசாலையில் திரும்பச் சேரத் தாய் தகப்பனோடு மூன்று தரம் போய் நின்றான். உங்களுக்கு வேண்டியது அதிபரின் கடிதம் மட்டுமே. இரண்டாவது, கிராம அலுவலரின் வதிவிடச் சான்றை முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். திகதி பழசானால் ஏற்க மாட்டார்கள். யாராவது கேட்ட பிறகு எடுங்கள். கிராம அலுவலர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. எந்த நாட்களில் இருப்பார் என்பதை முதலே தெரிந்துகொள்ளுங்கள். அவர் கையெழுத்து வைத்த பிறகு பிரதேச செயலகத்திலும் ஒப்பம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் இரண்டு நாள்.

எல்லாவற்றையும் போனால் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

2. எதில் பழகப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

லப்டொப் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பது பொய். முதல் நான்கு கிழமை நான் போனில்தான் பைதன் என்ற நிரல் மொழியில் எழுதினேன். 'பைட்ராய்ட் 3' என்ற செயலியை ஒரு தடவை இறக்கினால் போதும், பிறகு இணையம் இல்லாமலே ஓடும். சின்னத் திரையில் அடைப்புக்குறி தட்டுவது எரிச்சல்தான். ஆனால் எரிச்சலுக்காக நாலு கிழமையை வீணாக்கத் தேவையில்லை.

லப்டொப் வாங்க வீட்டில் வசதி இருந்தால், புதிதாக மலிவானதை வாங்குவதைவிட நல்ல பழையதை வாங்குவது மேல் என்பது என் கருத்து. பார்க்க வேண்டியவை: ரம் 8 ஜிபி, உள்ளே எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்), விசைப்பலகையில் எல்லா விசையும் வேலை செய்வது, சார்ஜரைக் கழற்றினால் அரை மணித்தியாலமாவது நிற்கும் பற்றரி. கடையிலேயே கழற்றிப் பாருங்கள், "வீட்ட போய்ப் பாருங்கோ தம்பி" என்றால் வாங்காதீர்கள். பழைய மெசின்களில் பெரும்பாலும் விண்டோஸ் 10 இருக்கும். அதற்கான மைக்ரோசொப்ட் ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பயப்பட வேண்டியதில்லை, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் காசு செலவில்லாமல் ஓடும். நான் கடைசியில் அண்ணாவின் நண்பரிடம் இருந்து வந்த பழைய மெசினில் அதைத்தான் போட்டேன்.

தகரக் கூரை வீடென்றால் மத்தியானம் லப்டொப்பைத் திறக்காதீர்கள். மெத்தையில் வைத்துப் பாவிக்காதீர்கள், காற்றுத் துளை அடைபடும். எங்கள் செம்மண் தூசிக்கு ஒரு பழைய துவாயால் மூடி வைப்பது போதும்.

3. டேற்றாக் கணக்கு

விடுமுறையில் காசு கரைவது இதில்தான். வீடியோ பார்த்துப் படிக்கும்போது தெளிவை 360க்குக் குறையுங்கள், எழுத்து வாசிக்கத் தெரியும். இரவு டேற்றா உள்ள பொதி எடுத்தால் பெரியவற்றை நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு இறக்கி வைக்கலாம். ஆனால் அதற்காக விடிய விடிய இருந்தால் அடுத்த நாள் முழுக்கப் போச்சு. நான் இரண்டு நாள் இருந்து பார்த்தேன். அப்புறம் கிழமைக்கு ஒரே ஓர் இரவு என்று வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை இரவு அந்தக் கிழமைக்கு வேண்டிய எல்லாம் இறங்கும், மற்ற நாள் இணையம் இல்லை. இணையம் இல்லாத ஆறு நாளில்தான் நான் உண்மையாகப் படித்தேன்.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கணக்குகளின் மீட்பு இலக்கமாக அம்மாவின் இலக்கத்தைக் கொடுத்து, பிறகு அந்தச் சிம் தொலைந்தால் கணக்கும் தொலையும். இரட்டைப் பாதுகாப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைக் கொப்பியில் எழுதி வையுங்கள். போனிலேயே படமெடுத்து வைத்தால் போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும்.

4. நேரத்தை வீட்டாரோடு பேசி எடுங்கள்

எனக்குச் சரிவந்த நேரம் காலை 5.30 முதல் 8.30 வரை. வெயில் ஏறுமுன், கோயில் ஒலிபெருக்கி தொடங்குமுன், கரண்ட் நிற்குமுன். மூன்று மணித்தியாலத்தில் இரண்டு பாடத்துக்கு, ஒன்று கையால் செய்து பார்க்க. மத்தியானம் 12 முதல் 3 வரை எங்கள் பக்கம் மூளை வேலை செய்யாது, அந்நேரம் தூங்குவதில் பிழையில்லை.

இந்த நேரத்தை நீங்களாக முடிவெடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் நடக்காது. பரீட்சை முடிந்த பிள்ளை என்றால் வீட்டுக்கு ஒரு கை கூடுதல் என்றுதான் அர்த்தம். மாடு கட்ட, தண்ணி இறைக்க, தம்பியை ரியூசனுக்கு ஏற்றிப் போக. பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு. என் தங்கச்சிக்கு அடுத்த வருடம் இதே விடுமுறை வந்தபோது, அவள் காலையில் உட்கார்ந்தால் "சும்மாதானே இருக்கிறாய்" என்று ஒரு வேலை வரும். கடைசியில் அப்பாவோடு பேசி, காலை வேலையை நானும் அவளும் நாள் மாறி நாள் செய்வதென்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். அந்தத் துண்டு ஒட்டும் வரை அவளுக்கு ஒரு பாடமும் ஓடவில்லை. அண்ணன்மார் இதை வாசித்தால் கொஞ்சம் கவனியுங்கள்.

பழக்கங்கள் என்று நான் ஏழு எழுதி வைத்தேன். ஓட்டம், ஆங்கிலப் பத்திரிகை, தியானம், எல்லாம் அதில் இருந்தது. நிலைத்தது இரண்டு. ஒவ்வொரு நாளும் படித்ததை மூன்று வரியில் கொப்பியில் எழுதுவது, 15 நிமிடம் தட்டச்சுப் பழகுவது. ஏழு எழுதாமல் முதலே இரண்டு எழுதியிருக்கலாம்.

தட்டச்சில் ஒரு விசயம். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை வேறு மெசினில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், தேடவும் முடியாது. பாமினி விசை பழகிவிட்டால் பரவாயில்லை, அதே விசை அமைப்பில் யுனிகோட் எழுத்து வர வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எழுதுவது யுனிகோடாக, அதாவது எந்த மெசினிலும் ஒரே மாதிரித் தெரியும் எழுத்து முறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

5. ஒரே ஒரு பாடநெறி

யூரியூப்பில் நான் முதல் பத்து நாளில் ஐந்து பாடநெறி தொடங்கினேன். ஐந்திலும் முதல் பாடம் "மாறி என்றால் என்ன", அதாவது நிரலில் ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர். ஐந்து தரம் அதே மாறியைப் படித்தேன், இரண்டாவது பாடத்துக்குப் போகவே இல்லை.

ஒன்றைத் தெரிவு செய்து அதிலேயே நில்லுங்கள். நான் எடுத்தது ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் 'சிஎஸ்50 பி', பைதனுக்கானது. கிழமை 0 முதல் 9 வரை பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் பயிற்சிகள், கடைசியில் சொந்தச் செயற்திட்டம். பயிற்சிகளைச் சமர்ப்பிக்க, நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் கணக்கு வேண்டும், அதற்கு வயது 13 ஆகியிருந்தால் போதும். எல்லாம் முடித்தால் பாடநெறிக்காரர்களே இலவசச் சான்றிதழ் தருகிறார்கள். பொறி என்னவென்றால், அதே பாடநெறி எட்எக்ஸ் தளத்திலும் இருக்கிறது, அங்கே சான்றிதழுக்கு டொலரில் காசு கேட்கும். படிப்பதற்கும் இலவசச் சான்றிதழுக்கும் அந்தக் காசு தேவையே இல்லை.

அந்நிய நாட்டுப் பாடம் வேண்டாம் என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் பைதனும் இணைய வடிவமைப்பும் தொடக்கநிலையில் இருந்து இலவசமாக இருக்கின்றன.

தமிழ் மொழி மூலம் படித்தவர்களுக்கு ஆங்கிலம்தான் முதல் மலை. வேகத்தை 0.75 ஆக்கி, ஆங்கில வரிகளைத் திரையில் போட்டுப் பாருங்கள். தெரியாத சொல்லை எல்லாம் அகராதியில் தேடாதீர்கள், ஒரே சொல் மூன்று தரம் வந்தால் மட்டும் கொப்பியில் எழுதுங்கள். எனக்கு மொத்தம் ஏறக்குறைய 140 சொல் வந்தது. அவ்வளவுதான் அந்த மலை.

விடுமுறை முடியும்போது நான் ஐந்து பகுதிதான் முடித்திருந்தேன். மீதியை உயர்தரத்தின் முதல் தவணை விடுமுறையில் முடித்தேன். முடிக்கவில்லை என்று மனம் உடையாதீர்கள், தொடக்கத்தில் மூன்று பகுதி ஒழுங்காக முடிந்தாலே அடுத்த படிக்குப் போகலாம்.

6. பாகங்களை மூன்றாம் கிழமையே கேட்டு அனுப்புங்கள்

பாடநெறியோடு சேர்த்து, வீட்டுக்கு உதவும் சின்ன மின்னணுக் கருவி ஒன்றையும் செயற்திட்டமாகச் செய்யுங்கள். அதை ஆறாம் கிழமை தொடங்கினாலும் பாகங்கள் முன்னமே வந்திருக்க வேண்டும். கிளிநொச்சியில் போன் திருத்தும் கடைகளில் வயரும் கேபிளும் கிடைக்கும். போர்ட், உணரி எல்லாம் எனக்குக் கொழும்பில் இருந்து கூரியரில்தான் வந்தது. எங்களுக்கு வீதி இலக்கம் இல்லை. விலாசத்தில் பக்கத்துக் கோயில், பாடசாலை, சந்தி என்று அடையாளம் எழுதுங்கள். அப்படி எழுதியும் கூரியர்க்காரர் "சந்திக்கு வாங்கோ" என்றுதான் எடுப்பார். போனை நிறுத்தி வைத்தால் பொதி திரும்பிப் போகும். முதல் தரம் ஐந்து நாள் எடுத்தது, இரண்டாம் தரம் மூன்று நாள்.

எது வாங்குவது? ரோபோ பெட்டி என்று பெரிய விலைக்கு விற்பதை வாங்காதீர்கள். பாதிச் சாமான் பாவிக்கவே மாட்டீர்கள். நான் செய்தது வீட்டுத் தோட்டத்து மண் ஈரத்தைப் போனில் காட்டும் சின்னக் கருவி. அம்மாவின் மிளகாய்க்கன்றுகளுக்கு எப்போது தண்ணி விடுவது என்பதுதான் எங்கள் வீட்டில் தினச் சண்டை. அதைத் தீர்க்கப் போனேன். உங்கள் வீட்டில் என்ன சண்டையோ அதை எடுங்கள்: தாங்கி நிரம்பி வழிவது, கோழிக்கூட்டுக் கதவு, எதுவென்றாலும். சொந்த வளவில் பாவிக்காத கருவி இரண்டு நாளில் பெட்டிக்குள் போய்விடும்.

ஈஎஸ்பி32 போர்ட் (நிரல் ஏற்றி ஓட்டும், வை-பை உள்ள சின்ன மின்சுற்றுப் பலகை) ஒன்று, கொள்ளளவு வகை மண் ஈர உணரி ஒன்று, பிரெட்போர்ட் (ஈயம் பற்றாமல் வயர் குத்தும் பலகை), இணைப்பு வயர்கள், தரவு போகும் யூ.எஸ்.பி. கேபிள். இவ்வளவுதான்.

உணரியில் இரண்டு வகை உண்டு. முள்ளுக்கரண்டி போல இரண்டு கால் உள்ளது மலிவு. நான் அதைத்தான் முதலில் வாங்கினேன். மின்சாரம் மண்ணின் ஊடாகவே போவதால் ஈர மண்ணில் கால்கள் அரித்துப் போகும், பன்னிரண்டு நாளில் ஒரு கால் பச்சையாகி அளவு தாறுமாறாக வந்தது. ஒற்றைப் பட்டையாக இருக்கும் கொள்ளளவு வகையில் உலோகம் மண்ணில் படாது. விலை கொஞ்சம் கூட, ஆனால் திரும்பவும் கூரியர்க் காசு கட்டத் தேவையில்லை.

7. கட்டுவது: நான் மாட்டிய இடங்கள்

இதற்கு எனக்கு மூன்று கிழமை போனது. உங்களுக்கு ஒரு கிழமை போதும், கீழே உள்ளவற்றை வாசித்தால்.

*கேபிள்.* போர்ட்டைக் குத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது, கணினியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் டிரைவர், அதாவது கணினிக்குப் போர்ட்டை அடையாளம் காட்டும் மென்பொருள், தேடினேன். பிழை கேபிளில். சில போன் கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான், உள்ளே தரவு வயர் இல்லை. போனைக் கணினியில் குத்தி, படங்கள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கேபிள் சரி. அதற்குப் பிறகும் தெரியாவிட்டால்தான் டிரைவர். போர்ட்டில் யூ.எஸ்.பி. பக்கத்துச் சில்லின் (சிப்) மேல் சிஎச்340 அல்லது சிபி2102 என்று எழுதியிருக்கும், அதற்கான டிரைவரைப் போடுங்கள்.

*மென்பொருள் இறக்கம்.* போர்ட்டுக்கு நிரல் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருள் தனி, ஈஎஸ்பி32க்கான கூடுதல் பொதி தனி. இரண்டாவது சில நூறு எம்.பி. இருக்கும். பாதியில் அறுந்தால் பெரும்பாலும் முதலில் இருந்துதான். இது சனிக்கிழமை இரவு வேலை.

*முனை.* உணரியின் வயரை நான் முதலில் போர்ட்டின் 26ஆம் முனையில் கொடுத்தேன். வை-பை இல்லாமல் ஒழுங்காக வாசித்தது. வை-பையை இயக்கியவுடன் குப்பை எண்கள். காரணம், இந்தப் போர்ட்டில், உணரி தரும் கூடிக் குறையும் வோல்ட்டை எண்ணாக வாசிக்கும் பகுதி இரண்டு இருக்கிறது. இரண்டாவது பகுதியை வை-பை தனக்கு எடுத்துக்கொள்ளும். 32 முதல் 39 வரையான முனைகள் முதல் பகுதியைச் சேர்ந்தவை. 34இல் கொடுங்கள், பிரச்சினை தீரும். உணரிக்கு மின்சாரம் 3.3 வோல்ட் முனையில் இருந்து.

*அளவு திருத்தம்.* வாசிப்பு 0 முதல் 4095 வரை வரும். அந்த எண்ணுக்குத் தானாக அர்த்தம் இல்லை. உணரியைத் துடைத்துக் காற்றில் பிடித்து ஒரு எண், கோடு வரை தண்ணீரில் வைத்து ஒரு எண். எனக்குக் காற்றில் 2,800 அளவில், தண்ணீரில் 1,200 அளவில் வந்தது. காய்ந்தால் எண் கூடும். உங்களுடையது வேறாக வரும். பிறகு கன்று வாடத் தொடங்கும் நாளின் எண்ணைக் குறியுங்கள். அதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் கையால் மண்ணைப் பிசைந்து "இண்டைக்கு விடோணும்" என்ற அன்று என் கருவி 2,150 காட்டியது. அந்த எண்ணைத்தான் எல்லையாக வைத்தேன்.

*இணையம் இல்லாமல் போனில் பார்ப்பது.* எல்லா வீடியோவும் மேகத்தில் (இணையச் சேமிப்பகத்தில்) ஏற்று, செயலியில் பார் என்று சொல்லித் தரும். தோட்டத்தில் எனக்கு ஏது வை-பை? ஈஎஸ்பி32 தானே ஒரு வை-பையை உருவாக்கும். போனை அதில் இணைத்து உலாவியில் 192.168.4.1 என்று தட்டினால் நீங்கள் எழுதிய பக்கம் வரும். டேற்றா ஒரு சதமும் போகாது. பக்கம் திறக்காவிட்டால் போனின் மொபைல் டேற்றாவை நிறுத்துங்கள். இந்த வை-பையில் இணையம் இல்லை என்று கண்டவுடன் போன் தானாக டேற்றாவுக்குத் தாவிவிடும். இதற்கும் எனக்கு ஒரு நாள் போனது.

*மின்சாரம்.* பவர் பாங்கில் கொடுத்தால் சிலது கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும், எடுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால். பழைய போன் சார்ஜர் பாதுகாப்பானது, நீளக் கேபிளோடு. மோட்டரையும் கருவியே போடட்டும் என்ற ஆசை வரும். கிணற்று மோட்டர் 230 வோல்ட். அதில் கை வைக்காதீர்கள், ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று பழகும் வேலை அது இல்லை. ஆசை தீர 5 வோல்ட் சின்னப் பம்பும் ரிலேயும் (போர்ட் சொன்னபடி மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ஆளி) வாங்கி ஒரு வாளியில் செய்து பாருங்கள். பம்புக்கு மின்சாரம் போர்ட்டின் முனையில் இருந்து எடுக்கக்கூடாது, தனிச் சார்ஜரில் இருந்து கொடுங்கள்.

*வெளியே வைப்பது.* உணரியின் மேல்பகுதிச் சில்லுகளில் தண்ணீர் படக்கூடாது. தங்கச்சியின் நகப்பூச்சை இரண்டு தடவை பூசினேன். போர்ட்டை யோகட் கோப்பையைக் கவிழ்த்து மூடினேன். மழைக்கும் வெயிலுக்கும் சரி. கோழிக்கு என்ன செய்வது என்று யாரும் வீடியோவில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கிளறி வயரை இழுத்துவிட்டது. அடுத்த கிழமை குரங்கு. வயரைக் குழாய்த் துண்டுக்குள் விட்டு மண்ணில் தாழ்த்த வேண்டும்.

8. செய்ததை வெளியே வையுங்கள்

நிரலைக் கிட்ஹப்பில் ஏற்றி, கூடவே என்ன செய்தீர்கள், எது பிழைத்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பிழையில்லை. கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதியபடி ஏற்றாதீர்கள்.

கருவி வேலை பிடிக்காதவர்களுக்கும் எங்கள் பக்கம் வேலை நிறைய இருக்கிறது. யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். இரணைமடு இருக்கும், வவுனிக்குளம் இருக்கும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குளத்துக்குப் பெயர் இருக்கிறதா? எங்கள் ஒழுங்கைகள் பாதி இல்லை. தங்கச்சி சைக்கிளில் போய் இரண்டு கிழமையில் எங்கள் கிராமத்தின் ஒழுங்கைகள், குளம், வாசிகசாலை எல்லாம் ஏற்றினாள். செலவு ஒன்றுமில்லை. கூகிள் வரைபடத்தைப் பார்த்து அதில் பிரதி பண்ணக்கூடாது, நேரில் கண்டதை ஏற்றுங்கள். தனியார் வீட்டுப் பெயர்களையும் போடாதீர்கள்.

வழி கேட்க ஆள் வேண்டுமென்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. அங்கு படிக்கும் அண்ணாமார், அக்காமார் உங்கள் ஊரிலும் ஒருவராவது இருப்பார். "கோடிங் சொல்லித் தாங்கோ" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். "34ஆம் முனையில் குடுத்தன், இந்த எண் வருது, ஏன்?" என்று கேட்டால் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

9. எனக்குப் போன காசு

போர்ட் 1,650. கொள்ளளவு உணரி 450. வயர் 300. பிரெட்போர்ட் 350. நல்ல கேபிள் 400. ரிலே 250. சின்னப் பம்ப் 350. கூரியர் 450. ஆக 4,200 ரூபா. வீணாய்ப் போனது, அரித்த உணரிக்கு 250, அதை மாற்ற இரண்டாம் கூரியருக்கு 450. எல்லாம் சேர்த்து 4,900. டேற்றா இதில் இல்லை. விலைகள் நான் வாங்கிய நேரத்தவை. அம்மா 2,000 தந்தார், மீதி பக்கத்துத் தோட்டத்தில் கச்சான் பிடுங்கிய கூலி.

ரிலேயும் பம்பும் இல்லாமல், முதலே சரியான உணரியை வாங்கினால் 3,600க்குள் முடியும்.

10. உயர்தரம் தொடங்குமுன்

கடைசிக் கிழமை புதிதாக ஒன்றும் தொடங்காதீர்கள். பாடநெறியில் எந்தப் பயிற்சியில் நின்றீர்கள் என்று கொப்பியில் குறியுங்கள், கிட்ஹப் பக்கத்தில் இரண்டு படம் சேருங்கள். தொழில்நுட்பப் பிரிவு எடுக்க நினைப்பவர்கள் உங்கள் பாடசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். எங்கள் பக்கம் எல்லாப் பாடசாலையிலும் இல்லை. வேறு பாடசாலை மாறுவதென்றால் மட்டும் நான் மேலே வேண்டாம் என்ற விடுகைப் பத்திரம் வேண்டும். புதிய பாடசாலையில் இடம் உறுதியான பிறகுதான் அதையும் கேட்க வேண்டும்.

கருவியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் பாடசாலைக்கு ஓடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்கினால் யோகட் கோப்பை தாங்காது. கழற்றித் துடைத்து, இறுக மூடும் பால்மா ரின்னில் வையுங்கள். மாரிக்கு எப்படியும் தண்ணி விடத் தேவையில்லை, தை பிறந்த பிறகு எடுத்தால் போதும்.